உம் கொட்டியவர்

எங்கள் ஊர்ப்பக்கம் பேசத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்குவதற்குள், மகள் கல்யாணத்தில் பாதிப் பந்தியில் அவியல் தீர்ந்துபோன கதையைக் கண்டக்டரிடம் சொல்லி முடிக்கிறவர்கள் நாங்கள். கேட்கத் தெரிந்தவர்கள்தான் அபூர்வம். அவர் அந்த அபூர்வம்.

கொட்டாரத்தில் உரக்கடை மாடியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். நாலு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, கீழேயிருந்து ஏறி வரும் யூரியா வாசனை. ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, தலையை லேசாகச் சரித்து, உம் கொட்டுவார். அந்த உம் ஒரே உம் அல்ல. துக்கம் சொன்னால் மூக்கு வழியாக நீளமாக வரும். ரகசியம் சொன்னால் தொண்டைக்குள்ளேயே ஒரு குமிழி மாதிரி உடையும். பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிய குற்றம் என்றால் சின்னதாக, வேகமாக, "உம், உம், பொறவு?" என்று வரும். எதிரில் இருக்கிறவனுக்கு, உலகத்திலேயே தன்னைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் இவர்தான் என்று தோன்றிவிடும். எனக்குத் தோன்றியது. என் மனைவிக்குத் தோன்றவில்லை.

"அந்த ஆளு பசுமாடு கத்துனாலும் உம் கொட்டுவாரு. அதுக்கும் இவருதான் நம்மாளுன்னு தோணும்" என்றாள்.

"பசுமாட்டையும் என்னையும் ஒண்ணா வைக்கிறியா?"

"பசு பால் தரும்லா" என்றாள்.

எனக்கு நாகர்கோவிலில் கரண்ட் ஆபீசில் வேலை. புகார் போன் எடுக்கிற வேலை. "ஏ, எந்தக் களவாணிப் பய பீஸ் கட்டையப் பிடுங்கினது?" என்று காலையில் ஆரம்பித்து, வீட்டுக்குக் கிளம்பும் வரை அடுத்தவர்களின் இருட்டையெல்லாம் காதில் வாங்குகிறவன். சாயந்தரம் அவருடைய ஸ்டூலுக்கு எதிரில் உட்கார்ந்தால், அன்றைக்கு முதன்முதலாக ஒரு மனிதர் என்னைத் திட்டாமல் என் முகத்தைப் பார்ப்பார். அப்படிப்பட்டவனுக்கு ஒரு உம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது.

பிரவுசிங் சென்டருக்கு முன்னால் அவர் மைக் பிடித்தவர். ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு மாதா கோயில் தேர், அம்மன் கோயில் கொடை, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, மரண அறிவிப்பு எல்லாவற்றையும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவார். செத்த வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று வீட்டுக்காரர்களிடம் இரண்டு வார்த்தை கேட்பார். உம் கொட்டுவார். ஆட்டோ கிளம்பும்போது செத்தவர் வேறு ஆளாகியிருப்பார். எங்கள் தெருவில் வரப்புத் தகராறு, வேலித் தகராறு, தென்னை மட்டை விழுந்த தகராறு என்று அக்கம்பக்கத்தார் அத்தனை பேர் மேலும் கேஸ் போட்ட ஒரு பெரியவர் போய்ச் சேர்ந்தபோது, "நீதி ஒன்றையே மூச்சாகக் கொண்டு வாழ்ந்த அன்னார்" என்று குழாயில் குரல் வந்தது. அவர் யார் யார் மேல் கேஸ் போட்டாரோ அவர்களே கண்ணைத் துடைத்தார்கள். நானும் துடைத்தேன். என் மேலும் ஒரு கேஸ் இருந்தது.

இந்தத் திறமை கம்ப்யூட்டருக்குள் போனபோது சின்னச் சின்ன விபத்துகள் நடந்தன. மாப்பிள்ளை குவைத்தில் இருக்கிற ஒரு பெண் ஈமெயில் அனுப்பச் சொல்லி வருவாள். அவள் சொல்லச் சொல்ல இவர் உம் கொட்டிக்கொண்டே தட்டுவார். ஒரு மழைக்காலத்தில் அந்தப் பெண் மாடிப்படியில் நனைந்த குடையோடு ஏறி வந்து போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"யண்ணே, நான் ஒங்ககிட்ட என்ன சொன்னேன்? வீடு ஒழுகுது, ஓடு மாத்தணும், ஆளு விட்டுப் பாக்கச் சொல்லுங்கன்னுதான சொன்னேன்?"

"ஆமா மக்கா."

"அவரு ராத்திரி போனப் போட்டு, மழ வந்தா ஒனக்கு என் நெனப்பு வருதான்னு கேக்காரு. பாட்டு வேற பாடுதாரு! எனக்கு எங்கண்ணே நெனப்பு வருது? தலையில தண்ணியில்லா சொட்டுது!"

அவர் கொஞ்சமும் அசையவில்லை. "பாட்டு பாடுனாருல்லா மக்கா? கல்யாணம் ஆன பொறவு என்னைக்காவது பாடியிருக்காரா?"

அந்தப் பெண் ஒரு நொடி யோசித்தாள். "இல்ல" என்றாள். பிறகு குடையை மடக்கிக்கொண்டு, "ஆனா ஓடு மாத்தலையே" என்று சொல்லியபடி இறங்கிப் போனாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மனுசன் சொன்னதை எழுதாமல், கேட்கிறவனுக்கு இனிப்பதை எழுதுகிறாரே, என்ன நுட்பம் என்று வியந்தேன். எழுத்தாளன் அல்லவா, நுட்பங்களை வியப்பது வழக்கம்.

ஆமாம், நானும் எழுத்தாளன்தான். அந்தக் காலத்தில் ஒரு நாவல் எழுதினேன். பேரு 'தண்ணீர் முறை'. ஒரே மடையில் தண்ணீர் பாயும் இரண்டு வயல்கள், இரண்டு அண்ணன் தம்பிகள், மூத்தவன் பெண்டாட்டி பொன்னம்மை. இன்றைக்கு யாருக்குத் தண்ணீர் என்கிற சண்டையில் இரண்டு குடும்பமும் சீரழிகிற கதை. எழுதுவதற்கு முன்னால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவரிடம் வாயால் சொல்லிப் பார்ப்பேன். அவர் எங்கே நீளமாக உம் கொட்டுகிறாரோ அங்கே எனக்குப் பேனா ஓடும். கடைசி அத்தியாயம் சொன்ன சாயந்தரம் மறக்காது. பொன்னம்மை வெறுத்துப்போய், தாலியைக் கழுத்திலிருந்து அறுத்து, மடையில் ஓடுகிற தண்ணீரில் வீசிவிட்டு நிற்கிறாள். சொல்லும்போதே எனக்குக் குரல் உடைந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்துத் தடுப்பில் பரீட்சை ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த பையன், வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டான்.

நாகர்கோவிலில் ஒரு நண்பரின் அச்சகத்தில் புத்தகம் அச்சாயிற்று. இரண்டு கடைகளில் வைத்தோம். மிச்சக் கட்டுகள் எல்லாம் எங்கள் கட்டிலுக்கு அடியில் போயின. மாதங்கள் போயின. கட்டுகள் போகவில்லை.

"முந்தி கட்டிலு ஆடும். இப்ப ஆடல" என்றாள் மனைவி. "அந்த மட்டுக்கு இலக்கியத்தால நன்மதான்."

நாவலை ஒரு ஆளாவது வாசிக்க வேண்டும். எனக்கு அப்போது வேறு ஆசை ஒன்றும் இல்லை. விருது வேண்டாம், மாலை வேண்டாம். முகம் தெரியாத ஒரு ஆள், நான் சொல்லாமல், தானாகப் பக்கத்தைப் புரட்டி, பொன்னம்மையை வழியில் கண்டால் அடையாளம் தெரிகிற அளவுக்கு வாசித்திருக்க வேண்டும். இதை அவரிடம் சொன்னேன். உம் கொட்டினார். மறுநாள் ஒரு திட்டத்தோடு இருந்தார்.

"ஓய், வெளிநாட்டுல எல்லாம் இப்ப புக்குக்கு டூர் விடுகான். எழுத்தாளன் போகாண்டாம். புக்கும் போகாண்டாம். இன்டர்நெட்லயே சுத்தி வரும்."

"எப்பிடிண்ணே?"

"மாதா கோயில் தேரு எப்பிடிப் போகும்? வழியில குருசு நட்டு வச்சிருக்க ஒவ்வொரு குருசடி முன்னாலயும் நிக்கும். நிக்குற எடத்துல சனம் மெழுகுவத்தி கொளுத்தும், உப்பும் நல்லமிளகும் போடும். பொறவு அடுத்த குருசடி. அதேதான். உம்ம நாவல் தேரு. ஒவ்வொரு வலைப்பூவும் ஒரு குருசடி. ஒரு நாளைக்கு ஒருத்தர் வீட்டு முன்னால நிக்கும். ஒருத்தரு விமர்சனம் போடுவாரு, ஒருத்தரு உம்மகிட்ட கேள்வி கேப்பாரு, ஒருத்தரு ஒரு பக்கத்த எடுத்துப் போடுவாரு. மைக் நான் பிடிக்கேன். நீரு தேருக்கு மேல இரும்."

தேருக்கு மேலே இருக்க யாருக்குத்தான் கசக்கும்? ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக இருந்ததில்லை. ஆபீஸ் முடிந்ததும் ஓடிவந்து பஸ் பிடித்து, கொட்டாரத்தில் குதித்து, மாடி ஏறுவேன். அவர் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பி வைத்திருப்பார். மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ் எழுதியிருந்தார்: பொன்னம்மை தாலியை மடையில் வீசிய இடத்தில் டூட்டி ரூமில் உட்கார்ந்து அழுதேன், பக்கத்துப் பிலிப்பைன்ஸ்காரி என்னவோ ஏதோ என்று தண்ணீர் கொண்டுவந்தாள். பெங்களூரில் ஒரு இஞ்சினியர் எழுதியிருந்தார்: தண்ணீர் என்பது இங்கே தண்ணீர் அல்ல, உறவு. திருநெல்வேலியில் ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியர் எழுதியிருந்தார்: தாலி நீரில் விழும் அந்தக் காட்சியில் தமிழ் நாவல் தன் திசையை மாற்றிக்கொள்கிறது.

எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லிப் பதில் போட்டேன். நர்ஸுக்கு, "அந்தக் காட்சியை எழுதும்போது என் கையும் நடுங்கியது சகோதரி" என்று எழுதினேன். ஆபீசில் போன் அடித்தபோது எடுத்து, "தங்கள் அன்புக்கு நன்றி" என்றேன். மறுபக்கத்தில் ஒருவர், "ஏலே, டிரான்ஸ்பார்மர் தீப்பிடிச்சி எரியுதுங்கேன், நன்றியா சொல்லுக?" என்றார்.

அப்படியிருக்கையில் ஒரு நாள், அந்தத் தலைமை ஆசிரியரின் விமர்சனத்துக்குக் கீழே புதிதாக ஒரு பின்னூட்டம். தோவாளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூட டீச்சர். "நான் நாகர்கோவில் கடையில் வாங்கிய பிரதியில் பொன்னம்மை தாலியை அறுக்கும் காட்சி இல்லை. அவளே மடையை அடைத்துவிட்டு, ஓடையில் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அத்தோடு முடிகிறது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் எல்லோரும் வேறொன்றைச் சொல்கிறீர்கள். என் பிரதியில் பக்கம் ஏதும் விட்டுப்போயிருக்கிறதா?"

"எனக்கு அது பிடித்திருந்தது" என்று அதில் ஒரு வரி இருப்பதே என் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டது பக்கம் விட்டுப்போன விஷயம்தான். மறுநாள் ஆபீசுக்குப் போகாமல் நேராக அச்சகத்தில் போய் நின்றேன்.

"என் உயிர் இருந்த பக்கத்தையே விட்டிருக்கிய! மஸ்கட்ல ஒருத்தி அழுகா, தோவாளையில பக்கத்தக் காணல!"

அச்சக நண்பர் நிதானமாக ஒரு பிரதியை எடுத்து, பக்க எண்களை என் முகத்துக்கு நேரே புரட்டிக் காட்டினார். ஒன்றும் விடவில்லை. "ஓய், நீரு தந்ததத்தான் நான் அடிச்சேன். தாலி கீலி ஒண்ணும் இதுல கெடையாது. நீருதான எழுதுனீரு? வாசிக்கலியா?"

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை.

"அத நீங்கதான வெட்டுனிய? அச்சுக்குக் குடுக்குறதுக்கு முந்தி எங்கிட்ட வாசிக்கத் தந்திய. தாலிய ஆத்துல போடுறது சினிமால எத்தன மட்டம் பாத்தாச்சு, வயல் வேல பாக்குற பொம்பள தங்கத்தத் தண்ணியில வீசுவாளான்னு கேட்டேன். ரெண்டு நாளு எங்கூடப் பேசல. மூணாவது நாளு வெட்டிட்டு வந்திய."

உண்மைதான். வெட்டியது நான். வெட்டியதை மறந்துவிட்டு, அந்தக் காட்சிக்கு மஸ்கட் வரைக்கும் நன்றி சொன்னதும் நான். தன் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத எழுத்தாளன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம்தான் அவள் கேட்டாள். "அச்சிலயே ஏறாத சீன மஸ்கட்டுக்காரி எங்க வாசிச்சா?"

அந்தக் காட்சியை நான் வாய்விட்டுச் சொன்னது ஒரே ஒரு ஆளிடம்.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அதற்குள் புத்தகக் கடையிலிருந்து போன் வந்தது. "ஒங்க புக்கு ஒண்ணு திரும்பி வந்திருக்கு சார். ஒரு டீச்சர் கொண்டுவந்து தந்தாங்க. பழுதான காப்பின்னு நீங்களே அவங்களுக்கு எழுதியிருக்கியளாமே? நல்லது வந்தா வாங்கிக்கிடுதேன்னு சொன்னாங்க."

நான் எழுதவில்லை. எனக்கு வலைப்பூ திறந்து தந்தவர் உம் கொட்டுகிறவர்தான், அதன் பாஸ்வேர்டு என்கிற சாவியும் அவரிடம் இருந்தது. டீச்சரின் கேள்விக்குக் கீழே என் பேரில், "அன்பு வாசகி, தங்களுடையது பழுதான பிரதி. கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளவும்" என்று போட்டிருந்தார். கடைக்குப் போய் அந்தப் பிரதியை வாங்கினேன். பென்சிலால் அங்கங்கே கோடு. சில இடங்களில் கேள்விக்குறி. ஒரு இடத்தில் "இந்த மாதத்தில் நாற்று நடுவார்களா?" என்று டீச்சர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கடைசிப் பக்கத்தில், பொன்னம்மை காலைக் கழுவுகிற வரிக்கு அடியில், தாள் கிழியாத குறையாக அழுத்திக் கோடு போட்டிருந்தது.

ஒரு ஆள் வேண்டும் என்று கேட்டேன். ஒரு ஆள் வந்திருக்கிறார். வந்தவரை, உன் புத்தகம் பழுது என்று சொல்லி என் பேரிலேயே திருப்பி அனுப்பியாயிற்று. நாகர்கோவிலில் வேறொரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, உண்மையைச் சொல்லி டீச்சருக்கு எழுதினேன். இரண்டு நாள் பார்த்தும் பதில் இல்லை. 'நூலாசிரியர்' என்ற பேரில் வருகிறதை இனிமேல் அந்த டீச்சர் எதற்கு நம்ப வேண்டும்?

கொட்டாரம் பிரவுசிங் சென்டர் படி ஏறும்போது, ஆபீஸ் போனில் இத்தனை வருஷமாக நான் வாங்கிய வசவுகளையெல்லாம் வரிசையாக அடுக்கிக்கொண்டே ஏறினேன். நல்ல சேமிப்பு இருந்தது.

"வாரும் ஓய். மூஞ்சி என்ன கருவாடு மாதிரி கெடக்கு? டீ சொல்லவா?"

"மஸ்கட் நர்ஸு யாருண்ணே?"

"உம்" என்றார்.

"பெங்களூரு இஞ்சினியரு?"

"உம்."

"திருநெல்வேலி ஹெட்மாஸ்டரு?"

இந்த முறை உம் கொஞ்சம் நீளமாக வந்தது. பிறகு சொன்னார். எல்லோரும் உண்மையான ஆட்கள்தானாம். நர்ஸும் இஞ்சினியரும் படிக்கிற காலத்தில் இங்கே வந்து வலைப்பூ திறந்து, இரண்டு கவிதை எழுதிவிட்டு, வேலைக்குப் போய் மறந்தவர்கள். ஹெட்மாஸ்டர் மகளுக்கு நெட்டில் மாப்பிள்ளை தேட வந்து, போகிற போக்கில் ஒரு வலைப்பூவும் திறந்தவர். சாவியெல்லாம் இவரிடம் இருந்தது.

"ஆளில்லாத தெருவுல தேரு போனா எப்பிடி இருக்கும் தெரியுமா ஓய்? நான் பாத்திருக்கேன். மொதல்ல மூணு பேரு வந்து நின்னாத்தான் நாலாவது வீட்டுக் கதவு தொறக்கும். அந்த மூணு பேர நான் நிப்பாட்டுனேன். நாலாவதா டீச்சர் வந்தாளா இல்லியா?"

"வந்த டீச்சரத்தான விரட்டிட்டிய!"

"பின்ன என்ன செய்ய? ஹெட்மாஸ்டரு பொய் சொல்லுகாருன்னு சொல்லவா? தாலி சீன ஒரு பக்கமா அடிச்சு எல்லா புக்குலயும் ஒட்டிருவோம் ஓய், தீந்துது."

"அண்ணே, ஒண்ணு கேக்கேன். நீங்க புக்க வாசிச்சியளா?"

அவர் உண்மையிலேயே புரியாமல் என்னைப் பார்த்தார். "நீரு சொல்லிக் கேட்டனே ஓய். நீரு சொன்னதுக்கு மேல புக்குல என்ன இருக்கும்?"

அப்போதுதான் விளங்கியது. தண்ணீர் தண்ணீர் அல்ல, உறவு என்று சொன்னது நான். எந்தச் சாயந்தரம் என்றுகூட ஞாபகம் வந்தது. தமிழ் நாவலின் திசை மாறுகிற விஷயமும் இதே ஸ்டூலுக்கு எதிரில் உட்கார்ந்து நான் அளந்ததுதான். என்னை நானே மெச்சிக்கொண்டதை எல்லாம் மூன்று ஊர்க்காரர் பேரில் வாசித்து, ஒவ்வொருவருக்கும் நன்றி வேறு எழுதியிருக்கிறேன்.

டீச்சரின் பிரதியை அவர் மடியில் போட்டேன். "ஒரே ஒரு பக்கம். கடைசிப் பக்கம். என் முன்னால வாசிங்க."

புத்தகத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், விலாசம் தப்பி வந்த பார்சலைப் பார்க்கிற மாதிரி. பிறகு என்னிடமே நீட்டினார். "நீரே வாசியும் ஓய். உம்ம வாயால கேட்டாத்தான் சொவம்."

சண்டை போட வந்தவன் உட்கார்ந்தேன். ஆம், உட்கார்ந்துவிட்டேன். அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார், தலையைச் சரித்தார். நான் வாசிக்க ஆரம்பித்தேன். பக்கம் முழுவதும், ஒரு வார்த்தை விடாமல். பொன்னம்மை வரப்பில் நடந்து வருகிறாள். உம். அண்ணனும் தம்பியும் தூரத்தில் நின்று கத்துகிறார்கள். உம், உம். அவள் குனிந்து பலகையை இறக்கி மடையை அடைக்கிறாள். நீளமான உம். ஓடையில் காலைக் கழுவுகிறாள். வீட்டுக்குப் போகிறாள்.

நன்றாகத்தான் எழுதியிருந்தேன். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார்.

"ஓய்" என்றார், குரல் கம்மிப்போய். "அந்தத் தாலிய அறுத்து மடையில வீசுனா பாத்தீரா... அங்கதான் ஓய் மனுசன் ஒடஞ்சு போறான்."

நான் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பொய் கொஞ்சம்கூட இல்லை.

"ஆமாண்ணே" என்றேன்.

"உம்" என்றார்.